ஓம் எண்டுதான் சொன்னன்

முதலே சொல்லிப்போடுறன், நான் டான்ஸ் பழகவெண்டு போனவள் இல்லை. நாரி நோவுக்கு டொக்டர் கதிரையிலை இருந்தபடி செய்யிற யோகாவுக்குப் போகச் சொன்னவர். அது நடக்கிறது எங்கடை றோட்டு முடியிற இடத்திலை இருக்கிற சேர்ச் ஹோலிலை, செவ்வாய்க்கிழமை பின்னேரம். நான் முதல்முதல் போன அண்டைக்குத்தான் யோகா வியாழனுக்கு மாறிப்போச்சாம். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. எனக்கு ஆர் என்ன சொல்லுறது? கதவைத் திறந்தா உள்ளை வெள்ளைக்காரர் கொஞ்சப்பேர், எல்லாம் என்ரை வயசும் அதுக்கு மேலையும், ரண்டு வரிசையா ஒராளை ஒராள் பாத்துக்கொண்டு நிக்கினம். ஒரு மனிசி ஃபிடிலோடை, ஒரு கிழவன் அக்கோடியனோடை. கோதாரி, இதென்ன கூத்து எண்டு திரும்ப வெளிக்கிட்டன். முன்னுக்கு நிண்டு ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்துக்கொண்டிருந்த பொம்பிளை, பிலிப்பா எண்டு பேர், கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"வாங்கோ, வாங்கோ, எங்களுக்கு ஒராள் குறையுது!"

ஒராள் குறையுதாம். என்ரை மனிசன் தேவராசா செத்தாப்பிறகு, நான் இல்லாததாலை ஓரிடத்திலை ஆள் குறையுது எண்டு ஒருத்தர் வாய் திறந்து சொன்னது அண்டைக்குத்தான். மகள் கோசிகா இருக்கிறது லண்டனுக்கு வெளியிலை, மில்ரன் கீன்ஸிலை. ஞாயிறிலை போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, சரியம்மா, வைக்கிறன். அவளிலை குறை சொல்லேல்லை, அவளுக்கும் ஷிப்ட் வேலை. இருக்கிறதைச் சொல்லுறன்.

நானும் விசரி மாதிரி வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு சொக்ஸோடை போய் வரிசையிலை நிண்டன். முன்னாலை நிண்ட நெட்டை மனிசன் குனிஞ்சு என்ரை காலைப் பாத்தார். "நான் மிதிச்சுப்போடுவன், போட்டுக்கொண்டு வாங்கோ" எண்டார். அவர்தான் மல்கம்.

இங்கிலிஷ் கன்ற்ரி டான்ஸ் எண்டு அதுக்குப் பேர். பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, நடக்கத் தெரிஞ்சாப் போதும். ரண்டு வரிசை, ஒவ்வொருத்தருக்கும் நேர் முன்னாலை அவையின்ரை சோடி. பக்கத்துச் சோடியோடை சேர்ந்து நாலு பேராக் கை பிடிச்சுச் சுத்தி, இடம் மாறி, திரும்பி வந்து பாத்தா, முதல் நிண்டதுக்கு ஓரிடம் தள்ளி நிப்பீங்கள். அங்கை புதுச் சோடி ஒண்டு உங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கும். அப்பிடியே வரிசை முடியுமட்டும் போறது. தொங்கலுக்கு வந்த சோடி ஒரு சுத்துக்கு ஆடாமல் நிண்டு மூச்சு வாங்கிப்போட்டு, பேந்து உள்ளை வரும். ஒருத்தரும் அப்பிடியே விடுபட்டுப்போறேல்லை. எனக்கு அதுதான் பிடிச்சது. தலை பின்னுற மாதிரி மூண்டு பேர் ஒராளுக்குள்ளாலை ஒராள் வளைஞ்சு வளைஞ்சு போற ஆட்டம் ஒண்டிருக்கு. அது பிழைக்காமல் வந்திட்டுதெண்டா ஃபிடில்காரி வாசிச்சுக்கொண்டே சிரிப்பா. நாரி நோகிற நாளிலை நான் கதிரையிலை இருந்து அதைப் பாப்பன். பாத்துக்கொண்டிருந்தாலே மனம் நிறையும்.

பிலிப்பா ஓயாமல் கத்துவா: "கண்ணைப் பாருங்கோ! நிலத்தைப் பாத்துச் சுத்தினாத் தலை சுத்தும்!" நான் பிறந்து வளர்ந்த இடத்திலை, நான் ஒரு ஆம்பிளையின்ரை கண்ணைப் பாத்தா ஊருக்குத்தான் தலை சுத்தும். முதல் கிழமை மல்கத்தின்ரை சட்டைப் பொத்தானைப் பாத்தே ஆடி முடிச்சன். அந்த மனிசன் காஸ் கொம்பனியிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் பொக்கற்றுக்கை இருந்து லேஞ்சியை எடுத்து, ரண்டு கையையும் வடிவாத் துடைச்சுப்போட்டுத்தான் மற்ற ஆளின்ரை கையைத் தொடுவார். ஆற்றை கையெண்டாலும் அப்பிடித்தான். அதைப் பாத்து எனக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது, சொன்னாச் சிரிப்பீங்கள். தேவராசா போனாப்பிறகு என்ரை கையைப் பிடிச்சதெண்டா பிறஷர் பாக்கிற நேர்ஸ்தான். அதுவும் கிளவுஸ் போட்டுக்கொண்டு.

பக்கத்து வீட்டு நகுலேஸ்வரிக்கு நான் யோகாவுக்குப் போறன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். அவவுக்குத் தெரிஞ்சா வெள்ளிக்கிழமைப் பூசை முடியமுதல் வெம்பிளி முழுக்கத் தெரிஞ்சிடும்: புருசன் செத்த மனிசி வெள்ளைக்காரற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு ஆடுதாம். ஆடுதுதான். இப்ப அதுக்கென்ன?

ஆனா ஒரு கரைச்சல் இருந்தது. இந்த ஆட்டத்திலை சோடி நிலையில்லை. ஒரு ஆட்டம் முடிய நன்றி சொல்லிப்போட்டு வேறை ஆளைக் கேக்கவேணும். கேட்ட ஆளுக்கு மாட்டன் எண்டு சொல்லக்கூடாது, அது அவையின்ரை வழக்கம். கடைசியா வாறது வோல்ற்ஸ், ரண்டு ரண்டு பேராச் சேர்ந்து சுத்துற ஆட்டம். அதுக்கு மட்டும் மாத்தமில்லை. புருசன் பெண்சாதியிட்டை, கனகாலம் சேர்ந்து ஆடுறவை தங்கடை ஆளிட்டை எண்டு அவையவை போயிடுவினம். நான் நடு ஹோலிலை தனிய நிப்பன். பின்னேரம் முழுக்க எல்லாற்றை கையும் என்ரை கைக்குள்ளை வந்து போயிருக்கும், கடைசியிலை பாத்தா வெறுங்கை. இதுக்கு வீட்டிலையே இருந்திருக்கலாம் எண்டு வரும்.

நிக்க ஏலாமல் குசினிக்குள்ளை போய், இடைவேளைக்குக் குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையளைக் கழுவத் தொடங்கினன். சிவா எவ்வளவு நல்லவ எண்டு எல்லாரும் புகழ்ந்தினம். என்ரை பேர் சிவனேஸ்வரி. அதை வெட்டிச் சிவாவாக்கி என்னை ஆம்பிளையாக்கியும் போட்டினம். நல்லவளாம், மண்ணாங்கட்டி. ஒளிக்கிறதுக்கு இடம் தேடினவள் நான்.

பேந்து ஒரு நாள், வோல்ற்ஸ் தொடங்க மல்கமும் குசினிக்குள்ளை வந்தார். துவாயை எடுத்து, நான் கழுவி வைக்கிற கோப்பையளைத் துடைக்கத் தொடங்கினார். அவற்றை மனிசியும் இப்ப இல்லையாம். வோல்ற்ஸ் அவவோடைதான் ஆடினவராம். அவ்வளவுதான் சொன்னார், நானும் துருவிக் கேக்கேல்லை. அடுத்த கிழமையும் வந்தார். அதுக்கடுத்த கிழமையும். நான் கழுவ, அவர் துடைக்க, சுவருக்கு அங்காலை ஃபிடில் கேக்கும். இந்தச் சனம் இன்னும் கொஞ்சம் கூடத் தேத்தண்ணி குடிச்சாலென்ன எண்டு நினைப்பன். செவ்வாய்க்கிழமைக்கு நான் பாத்துக்கொண்டிருந்தது ஆட்டத்துக்கோ கோப்பைக்கோ எண்டு கேட்டா, எனக்குத் தெரியாது. பொய். வடிவாத் தெரியும்.

மாசி மாசத்துக் குளிர். வெளியிலை மழை. மல்கம் துடைச்சுக்கொண்டிருந்த கோப்பையை வைச்சார், துவாயையும் வைச்சார்.

"சிவா, நான் இதை ஆடிக் கனகாலம். நீங்கள் என்னோடை ஆடுவீங்களோ?"

எனக்கு முழங்கை மட்டும் சவுக்கார நுரை. தலையை ஒரு பக்கம் சரிச்சு, மெல்ல, "ஓம்" எண்டன். உடனை கை துடைக்கிறதுக்குத் துவாயைத் தேடித் திரும்பினன். துவாயோடை மற்றப்பக்கம் திரும்பினா மனிசன்ரை முகம் செக்கச்செவேல் எண்டு கிடக்கு. "இல்லையில்லை, பரவாயில்லை, நான் கேட்டது விசர்க்கதை, குறை நினைக்காதேங்கோ" எண்டுபோட்டு, நேரை கோட்டுக் கொழுவிற இடத்துக்குப் போய், கோட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளை இறங்கிப் போயிட்டார்.

எனக்கு வந்த கோவம்! அப்ப என்னத்துக்குக் கேட்டவர்? கேட்டாப்பிறகுதான் என்ரை மூஞ்சையை வடிவாப் பாத்தவரோ? வெள்ளைக்காரப் புத்தி எண்டு திட்டினன். வீட்டை போய்ப் பருப்புச் சட்டியோடை சண்டை. பேந்து தேவராசாவின்ரை படத்தோடை சண்டை. "இஞ்சருங்கோ, எல்லாம் உங்களாலைதான்! ஆர் உங்களை முதல் போகச் சொன்னது?" உயிரோடை இருக்கேக்கையும் நான் அந்த மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சருங்கோ எண்டாத் திரும்பிப் பாப்பார். இப்ப மாலையோடை சிரிச்சுக்கொண்டு இருக்கிறார், பாவம், அவர் என்ன செய்யிறது.

அதுக்குப் பிறகும் மல்கம் ஆட வந்தவர்தான். வரிசையிலை என்னட்டை வரேக்கை லேஞ்சியாலை துடைச்ச கையைத் தருவார், கண்ணைத் தரமாட்டார். வோல்ற்ஸ் எண்டு அறிவிக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிடுவார். நானே கழுவி நானே துடைச்சன். முந்தியும் தனியத்தான் கழுவினனான், அப்ப இப்பிடி இருக்கேல்லை. ஒராள் நிண்டு பழகின இடம் வெறுமையாக் கிடந்தா அது வேறை. பைப்பைத் திறந்து விட்டிட்டு அழுதிருக்கிறன். ஆருக்குக் கேக்கப்போகுது?

ஈஸ்ரருக்கு முந்தின செவ்வாய் இடைவேளையிலை பிலிப்பா ஆரிட்டையோ சொல்லுறது காதிலை விழுந்தது. மல்கம் இனி வரமாட்டாராம். ஹரோப் பக்கம் வேறை ஆட்ட இடம் பாத்திட்டாராம், இண்டையோடை சரியாம். என்ரை கையிலை இருந்த பிஸ்கற் தேத்தண்ணிக்குள்ளை விழுந்து கரைஞ்சுபோச்சு.

பிலிப்பா அப்பிடியே என்னட்டைத் திரும்பினா. "சிவா, அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் முதல் சோடியா நிப்பீங்களோ?" வரிசைக்குத் தலைப்பிலை நிக்கிறது முதல் சோடி, மற்றவை அவையைப் பாத்துத்தான் ஆடுவினம். என்னை ஒருநாளும் கேட்டதில்லை. மனம் எங்கையோ இருந்தாலும் பெருமையாத்தான் இருந்தது. "ஓம்" எண்டன்.

"யோசினையா இருந்தாப் பரவாயில்லை, நான் வேறை ஆளைக் கேக்கிறன்" எண்டு அவ திரும்பிட்டா.

"ஏய், பொறு! நான் ஓம் எண்டெல்லே சொன்னனான்!" எண்டு தமிழிலை கத்திப்போட்டன். ஹோல் முழுக்கத் திரும்பிப் பாத்தது. பேந்து இங்கிலிஷிலை, "யெஸ் எண்டுதானே சொன்னனான்" எண்டன்.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு சிரிச்சா பிலிப்பா. "எனக்கு 'அம்ம்' எண்டு கேட்டுது."

அந்த இடத்திலையே கதிரையிலை குந்தியிட்டன். முதல் சோடியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்.

இங்கிலிஷ்காரரிட்டை ஒரு 'அம்ம்' இருக்கு. மனமில்லாத இடத்திலை, இல்லை எண்டு முகத்துக்கு நேரை சொல்ல வெக்கப்பட்டு இழுக்கிற இழுப்பு. மரியாதை தெரிஞ்ச ஆள் அதைக் கேட்டா மிச்சத்தைக் கேக்காமல் விலகிப் போயிடும். நான் ஜேர்மனியிலை இருக்கேக்கை யா எண்டனான், லண்டனுக்கு வந்து யெஸ் எண்டுறன். கவுன்சிலுக்கு யெஸ், டொக்டருக்கு யெஸ், பாங்குக்கு யெஸ். ஆனா அடிமனசிலை இருந்து வாறதெண்டா ஓம்தான் வரும். அண்டைக்குத் தலையையும் சரிச்சு, வாயையும் பாதி திறந்து சொல்லியிருக்கிறன். மாட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லாத ஹோலிலை, மனிசி போனாப்பிறகு முதல்முதலா வாய் திறந்து கேட்ட மனிசனுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறன். மனம் முழுக்க ஓம் எண்டு வைச்சுக்கொண்டு! சிவனேஸ்வரி, உனக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு?

மிச்ச ஆட்டமெல்லாம் எப்பிடிப் போச்சோ தெரியாது. பிலிப்பா வோல்ற்ஸ் எண்டு அறிவிச்சா. எல்லாரும் தங்கடை ஆளைத் தேடிப் போகினம். மல்கம் கதவடிக்குப் போறார். குசினி எனக்கு வலப்பக்கம், கோப்பையளெல்லாம் காத்துக்கொண்டு கிடக்கு. அந்தப் பக்கம் திரும்பின காலை இழுத்துக்கொண்டு, ஆடிற சோடியளுக்கு நடுவாலை இடிபட்டு இடிபட்டுப் போனன். போய்ச் சேர, மனிசன் கோட்டுக்குள்ளை ஒரு கையை விட்டிட்டார், மற்றக் கை வெளியிலை.

என்னென்னவோ விளங்கப்படுத்த நினைச்சு வந்தனான். இருந்த இங்கிலிஷெல்லாம் ஓடி ஒளிச்சிட்டுது. "மல்கம், ஆடுவமோ?" எண்டது மட்டும்தான் வந்தது.

மல்கம் என்னைப் பாத்தார், கதவைப் பாத்தார், கோட்டைப் பாத்தார்.

"அம்ம்..." எண்டார்.

அது அசல் இங்கிலிஷ் அம்ம். எனக்கு இப்ப அது என்னெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டே கையை நீட்டினன்.

"எங்கடை பாஷையிலை அதுக்கு யெஸ் எண்டு கருத்து" எண்டன்.

மனிசன் கதவை விட்டு என்ரை பக்கம் திரும்பினார். பேந்து மெல்லக் கேட்டார். "அண்டைக்கும்?"

"அண்டைக்கும்."

என்னைப் பாத்தார், நான் முதல் கிழமை பொத்தானைப் பாத்தமாதிரி இல்லை, கண்ணை. பேந்து கோட்டோடையே பொக்கற்றுக்கை கையை விட்டு லேஞ்சியைத் தேடினார். எடுத்தார். ஒரு கையைத் துடைச்சார், ஒவ்வொரு விரலா. அங்காலை ஃபிடில் கடைசிச் சுத்துக்கு வந்திட்டுது, எனக்கு அந்தப் பாட்டு நல்லாத் தெரியும், எத்தினை கிழமை சுவருக்கு அங்காலை நிண்டு கேட்டனான். மற்றக் கையைத் துடைக்கத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ" எண்டன், வாய் தவறித் தமிழிலை, "கெதியாத் துடையுங்கோ, பாட்டு முடியப்போகுது."