‘லொஸ்ட்’ என்பதற்கு ஒரே தமிழ்

சுனாமி வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண நிறுவனத்தின் குளிரூட்டிய அறைக்குள் றொவீனாவும் இன்ஷாபும் உலகத்திலேயே பெரிய பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பதியும் இணையத்தளத்துக்காக அவர்களே ஒரு வெப் பிரேம்வேர்க், அதாவது தளத்தைத் தாங்கும் அடிப்படை நிரல், எழுதினார்கள். அதில் மொழிபெயர்க்கும் ‘பங்ஷன்’ என்ற நிரல் துண்டுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. வெளியே சனங்கள் கூடாரங்களில் வெந்துகொண்டிருந்தார்கள். அது பிறகு.

ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் தமிழும் சிங்களமும் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்பது காத்தான்குடி இன்ஷாபின் கட்சி. அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் விரும்பினால் சேர்த்துக் கொடுக்க வழி வேண்டும் என்றாள் நாவற்குடா றொவீனா.

“‘லொஸ்ட்’ எண்ட சொல்ல எடுங்க இன்ஷாப். அடையாள அட்டைக்கு ஒரு தமிழ், ஆளுக்கு வேற தமிழ்.”

“அதுக்காக ஒவ்வொரு சொல்லுக்கும் சாதகம் எழுதேலுமா? எழுதுற புரோகிராம் கோட் பாக்க வடிவா இருக்கணும்.”

நாள் முழுக்கப் பலகையில் அம்புக்குறி கீறிச் சண்டை பிடித்தார்கள். தீர்ப்புச் சொன்னவர் மேலாளர் கொலின். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத் தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரே பொருத்தமான நடுவர்.

“சிம்பிளா வைங்க. காசு குடுக்கிற ஆக்கள் வெள்ளிக்கிழம வாறாங்க,” என்றார் ஆங்கிலத்தில்.

தோற்ற கடுப்பில், ‘லொஸ்ட்’டுக்கு நேரே, அடையாள அட்டைக்குரிய ‘தொலைந்தது’ என்ற வரியையே றொவீனா தட்டினாள். எக்கேடும் கெடட்டும்.

வெள்ளிக்கிழமை வாகரை முகாமில், காசு கொடுப்பவர்கள் பார்த்து நிற்க, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் மங்கையற்கரசி. வெளிப்படைத்தன்மைக்காகத் திரையைப் பயனாளியின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பது கொலினின் உத்தரவு. இன்ஷாப் பக்கத்தில் இருக்க, றொவீனா கேட்டுக் கேட்டுப் பதிந்தாள். கடைசியில் திரையில் வந்ததை மங்கையற்கரசி சத்தமாக வாசித்தாள்.

“கணவர்: தொலைந்தது. கிடைத்தால் அலுவலகத்துக்கு அறிவிக்கவும்.”

வாசித்துவிட்டு றொவீனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஓம் தங்கச்சி,” என்றாள் அவள். “கிடைச்சா வந்து சொல்றன். மகளும்தான் துலைஞ்சி. ரெண்டையும் சேத்து எழுதுங்க.”

“மன்னிச்சிக்கங்க அக்கா, அது கம்பியூட்டர்…”

“கம்பியூட்டருக்கு ஆர் தமிழ் சொல்லிக் குடுத்த?”

றொவீனா மடிக்கணினியை மூடிவிட்டு, “மகள்ட பேர் என்னக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் வழியில் வாகனத்தில் பேசியவர் கொலின் ஒருவர்தான். எழுத்துரு மிகத் தெளிவாக இருந்ததாம்.

மறுநாள் றொவீனா அலுவலகத்துக்கு வந்தபோது இன்ஷாப் பங்ஷனைத் திருத்தி முடித்திருந்தான். சொல் வரும் இடத்தையும் கொடுத்தே ஆக வேண்டும்.

“விரும்பினாக் குடுக்கலாம் எண்டுதானே நான் சொன்னன்?”

“விருப்பத்துக்கு விட்டா ஆரும் குடுக்க மாட்டாங்க. நானே குடுக்க மாட்டன். குடுக்காட்டி ஓடவே கூடாது.”

வென்றுவிட்டாள். சந்தோஷப்படத்தான் முடியவில்லை. ஆள் என்று வரும் அந்த இடத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது? ‘காணவில்லை’ என்றால் யார் தேடுகிறார்கள்? ‘இறந்துவிட்டார்’ என்று எழுத இவர்கள் யார்? இருவரும் மறுபடி வாகரைக்குப் போனார்கள்.

மங்கையற்கரசி யோசிக்கவில்லை. “கடல் கொண்டு போயிட்டு எண்டு போடுங்க. அதானே நடந்த.”

அப்படியே போட்டார்கள்.

‘பயனாளிகளின் ஆலோசனையோடு வடிவமைக்கப்பட்டது’ என்று கொலின் அறிக்கை எழுதினார். காசு கொடுத்தவர்களுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. படம் எடுக்கக் கூப்பிட்டபோது றொவீனாவும் இன்ஷாபும் வேலை இருப்பதாகச் சொல்லி அறைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.