மூக்கு அரிப்பு

வெள்ளையம்மாளின் ஓட்டை வாய் தொட்டியம் ஊருக்கே தெரியும். முன்பு குடல்வால் ஆபரேஷன் முடிந்து வலியில் அவள் போட்ட கூப்பாட்டில் ஆஸ்பத்திரியே கதிகலங்கிப் போனது. துணைக்கு இருந்த அக்கா மாரியாயி அன்றைக்கே முடிவு கட்டினாள்: செத்தாலும் தன் உடம்பில் கத்தி படக் கூடாது. அந்த மகராசிக்குத் தொப்புளில் குடலிறக்கம். பழைய வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாழைத்தார் சுமப்பாள். குடல் முறுக்கினால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டால்தானே! தன் கூப்பாட்டால் வந்த வினை என்று வெள்ளையம்மாளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அவளுக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. பாலக்கரை நர்சிங் ஹோமில் மயக்க டாக்டர் டோரதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்மா. அந்த மருந்தோட மார்ஃபின்னு ஒரு வலி மருந்து துளியூண்டு சேக்குறேன். மரப்பு போனாலும் நாளைக்கு வரைக்கும் வலி தெரியாது."

"எல்லா டாக்டரும் எறும்பு கடிக்கிற மாதிரின்னுதான் சொல்றீங்க!"

கல்யாணத்திலிருந்து கழற்றாத மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தது. கால்விரல் அசைந்ததும், இனி வலி வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. நர்ஸ் ரோசரி மட்டும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர் அப்படிப் பாக்குறீங்க?"

"இந்த மருந்து சில பேருக்கு மூச்சை மந்தமாக்கும். அதான் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

சாயங்காலம் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு மாரியாயி வந்தாள். வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"வலியே இல்லக்கா."

"யாருகிட்ட! என்னையும் ஆபரேஷனுக்குத் தள்ளிவிடணும்னு வலியை மறைக்குற."

"சமயபுரத்தா மேல சத்தியம்!"

"சாமியை இழுக்காதடி."

வெள்ளையம்மாளுக்கு அழுகை முட்டியது. கத்தியபோது நம்பியவள் சும்மா கிடந்தால் நம்பமாட்டேன் என்கிறாளே! அந்த நேரம் பார்த்து மூக்கு நமநமவென்றது.

"அய்யோ, மூக்கு! சொறிஞ்சு விடுக்கா! இந்தப் பக்கம்! ஐயையோ, அந்தப் பக்கம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மாரியாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூக்குத்தியைக் கழட்டுனா அரிக்காம என்ன செய்யும்? குடுங்க அதை!" என்று ரோசரியிடம் வாங்கித் தங்கைக்குப் போட்டுவிட்டாள். அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

டோரதி சிரித்துக்கொண்டே வந்தாள். "மூக்குத்தி இல்லம்மா. மார்ஃபின் சேத்தா சில பேருக்கு மூக்கு அரிக்கும். நாளைக்குச் சரியாயிடும்."

"நாளைக்கு வரைக்குமா? என்னால முடியாது தாயே!" வெள்ளையம்மாள் அலறினாள்.

மாரியாயி இடுப்பில் கை வைத்துத் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ஒரு மூக்கு அரிப்பை அடக்கத் துப்பில்ல. நீயா வலியை மறைக்கப்போற!"

சிரிப்பு அடங்கியதும் அவள் கை தன் மூக்குக்குப் போனது. திருகாணியைச் சுழற்றி, தன் மூக்குத்தியைக் கழற்றித் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்க. தொலைச்சே, தோலை உரிச்சுடுவேன்." டோரதி பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, எனக்கும் அந்தத் துளியூண்டைச் சேத்துத்தான் போடணும், ஆமா."

வெள்ளையம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கு மறுபடி அரித்தது. ஒரு கையில் சலைன். மறு கையைத் திறக்க அவளுக்கு மனமில்லை.

"சிஸ்டர்," என்றாள், "கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்."