குணவதியின் நிப்பொங்கோ மனு

அன்று ரப்பர் தோட்ட ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பிரம்பு நாற்காலியில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அய்யாவு. கணக்கெழுதும் கிராணியின் மேசையில் நான். பெஞ்சு காலியாக இருந்தும் தரையில் குணவதி. வாசற்படியில், மனுவைச் சைக்கிளில் சுங்கைப் பட்டாணி ஜப்பான் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டிய பியூன் பிச்சை.

குணவதியின் புருஷன் முருகையாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றியபோது மூன்று மாதம் என்றார்கள். இப்போது ஆறாவது மாதம். அவனைத் திருப்பி அனுப்பக் கேட்டுத்தான் மனு. தமிழிலோ இங்கிலீஷிலோ வருகிற எதையும் ஜப்பான்காரன் ஆபீசில் பிரிப்பதில்லை. அவன் பாஷையான நிப்பொங்கோவில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்தில் அதை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். மூன்று மாத வகுப்பு, முப்பது பாடம். சான்றிதழ்கூட என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"அவருக்கு ஒடம்பு முடியாது, திருப்பி அனுப்பிடுங்கன்னு எழுதுங்க, கிராணி ஐயா."

பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலை வணக்கம். நான் உழைக்கிறேன். மிக்க நன்றி. ஒருவரைத் திருப்பிக் கேட்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

"என்னா கிராணியாரே," அய்யாவு சிரித்தார். "மூணு மாசம் கும்புடு போடத்தான் கத்துக் குடுத்தானா?"

"ஒழைக்கவும்தான்."

"அது ரெண்டும் தெரியாமலா இத்தன வருசம் பால் வெட்டுனோம்?" என்றான் பிச்சை.

குணவதி சிரிக்கவில்லை. "கேக்குற மாதிரி ஒன்னுமே இல்லீங்களா?"

இருபத்திரண்டாம் பாடத்தில் இருந்தது. மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "எனக்கு வேலை குடுங்கன்னு ஒன்னு இருக்கு, தங்கச்சி."

"அதுல ஊர் பேரு சேக்கலாமா?"

"சேக்கலாம்."

"அப்ப சயாம்னு சேத்துருங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். அங்கே காலராவில் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று, தப்பி வந்த ஒருவன் பீடோங் சந்தையில் சொன்னதைச் சொன்னேன்.

"நானுந்தான் கேட்டேன். அதனாலதானே அவரத் திருப்பிக் கேக்க வந்தேன்? ஒங்க பொஸ்தகத்துல அது இல்லேன்னா நான் என்னா செய்ய?"

அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதும்யா. இந்த மாசமும் நம்ம தோட்டத்துல சயாமுக்கு ஆள் கேக்குறான்."

எழுதினேன். 'என் கணவர் முருகையா சயாமில் இருக்கிறார். எனக்குச் சயாமில் வேலை கொடுங்கள்.' அவ்வளவோடு நிறுத்தினேன். நன்றி இல்லாத மனுவை வாங்க மாட்டான் என்றார் அய்யாவு. அதையும் சேர்த்தேன். ஓர் எழுத்தில்கூடப் பிழையில்லை.

"அவரு இருக்கிற எடத்துலயே போடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே குணவதி கைநாட்டு வைத்தாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். மரவள்ளிப் பசை தடவி உறையை ஒட்டினேன். பிச்சை அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.