மக்கு டிரம்

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருக்காது. மருந்து அட்டையைப் படித்தாலும் விட்டுப்போன புள்ளியைத்தான் தேடும். அதனால், எங்கள் குடியிருப்பின் பின்புறம் இருந்த நீல டிரம்மில் வெள்ளை எழுத்தில் 'மக்கு' என்று பார்த்த மாலை எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தவரிடம் 'மக்கும்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் கடைசி எழுத்தை முழுங்கிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து டிரம்மில் 'மக்காதது' மட்டும் ஒழுங்காக இருந்தது. திட்டிக்கொண்டே படியேறினேன்.

அந்த டிரம்கள் வந்த கதை பெரிய கதையில்லை. பிரிக்காத குப்பையை எடுக்க மாட்டோம் என்று லாரிக்காரர்கள் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கேட் அருகே பைகள் குவிந்தன. எல்லா வீட்டிலும் படித்தவர்கள்தான். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவோம். பையை அவிழ்க்க மட்டும் ஒருவருக்கும் கை நீளவில்லை. கடைசியில் இறங்கியவள் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தங்கை.

ஒரு டிரம்மின் அடியிலும் பக்கங்களிலும் காற்றுப் போகத் துளை போட்டாள். காய்கறித் தோலும் மீந்த சாப்பாடும் ஓர் அடுக்கு, அதன் மேல் காய்ந்த இலையோ மரப்பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளோ ஓர் அடுக்கு. ஒன்றுவிட்டு ஒரு நாள் நீளக் கழியால் கிளறுவாள். ஆரம்பத்தில் சொதப்பத்தான் செய்தாள். ஈரம் அதிகமாகிப் புழு நெளிந்து, முதல் மாடி நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு கையில் எடுத்துப் பிழிந்து பார்த்து, சொட்டினால் மரத்தூளைக் கூட்டுவது என்று பழகிக்கொண்டாள். அடுத்த தடவை நர்ஸம்மா வந்தது தக்காளித் தொட்டிக்கு உரம் கேட்டு.

அவள் புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்தவள். சமையலறை அண்ணியுடையது, கூடம் அண்ணனுடையது, அவள் படுக்கும் அறை பிள்ளைகள் படிக்கும் அறை. இந்தக் கட்டடத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த டிரம்களும் அவை நிற்கும் துண்டு மண்ணும்தான். செயலாளர் கண் வைத்ததும் அதே மண்ணில்தான். இரண்டாவது கார் வாங்கியிருந்தார். அதை நிறுத்த அங்கே சிமென்ட் போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு என்று ஆனது.

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் தவறிய நாளிலிருந்து அவருக்கு அவள் 'மக்கு'. படியில் நின்று, "மக்கு, சாவி எங்க வெச்ச?" என்று கத்தினால் மொட்டை மாடிவரை கேட்கும். "இதோண்ணா" என்று ஓடி வருவாள். கூப்பிடுகிறவருக்கும் அதில் விஷமில்லை, கேட்கிற எங்களுக்கும் பழகிப்போயிருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

எழுத்து எழுதிய மறுநாளிலிருந்து அவள் கீழே வரவில்லை. டிரம் சும்மா இருக்குமா? நாற ஆரம்பித்தது. போதாக்குறைக்கு, கேட்க ஆளில்லை என்றதும் நம் மக்கள் பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டு அப்படியே உள்ளே எறிந்தார்கள். செயலாளர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். அவர் வாயைத் திறக்காமலே நாற்றம் அவருக்காகப் பேசியது. கூட்டத்துக்கு நாலைந்து நாள் இருந்தபோது அவளைப் படியில் பிடித்தேன்.

"என்னம்மா, கீழ பக்கமே காணோம்? டிரம் நாறுதே."

"யார் வேணா கிளறட்டும் சார். என் பேரைத்தான் எழுதி வெச்சாச்சே."

"உன் பேரா?"

"வீட்டுக்குள்ள கூப்பிடறது பத்தலைன்னு பெயின்ட்ல வேற எழுதணுமா? அண்ணன்தானே எழுதச் சொன்னாரு."

எழுத்துப் பிழையால் சண்டை வந்து பார்த்திருக்கிறேன், கல்யாண மண்டபம் மாறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி கீழே இறங்காமலே முடங்கிப் போனதைப் பார்த்ததில்லை.

"அது பெயின்டர் பண்ணின பிழைம்மா. ஒரு 'ம்' விட்டுட்டாரு. வா, காட்டறேன்."

"விட்டுப்போனதை எப்படி சார் காட்டுவீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் வந்தாள். டிரம்மின் முன்னால் நின்று, எழுத்து எங்கே வர வேண்டும் என்று விளக்குவதற்காக அதைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினேன். சுவர்ப் பக்கத்திலிருந்து 'ம்' வந்தது. புள்ளியோடு, அழகாக, மற்ற எழுத்துகளின் அதே அளவில். பெரிதாக ஆரம்பித்த மனிதர் டிரம்மைச் சுற்றிக்கொண்டே போய் வளைவுக்கு அந்தப் பக்கம் முடித்திருக்கிறார். நான் இத்தனை நாள் அவரைத் திட்டியதெல்லாம் வீண்.

அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் எங்கேயோ அது அழுகையாக மாறியதை நான் பார்க்காத மாதிரி மரத்தூள் சாக்கைத் தேடினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், முடிச்சுப் போட்ட கவர்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். மரத்தூளைக் கொட்டினாள். கை வலிக்கும்வரை கிளறினாள். 'மக்கும்' என்று முழுதாகத் தெரியும்படி டிரம்மை முன்பக்கம் திருப்பி வைக்கப் போனேன்.

"வேண்டாம் சார். பழையபடியே இருக்கட்டும்."

"மக்குன்னுதானேம்மா தெரியும்?"

"தெரியட்டும். இனிமே இதுதான் மக்கு."

அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். "தோல், மீந்தது எல்லாம் மக்குல போடுங்க. கவரைக் கழுவிக் காய வெச்சு மக்காததுல போடுங்க. மக்குல போட்டதும் ஒரு பிடி மரத்தூள் தூவுங்க." சுருக்கமான பேர், வாயில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள், "மக்கு ரொம்பிடுச்சா?" என்று மாடியிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுக் கூடினோம். வாடை முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. செயலாளர் சிமென்டின் நன்மைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, தங்கை இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"இந்த மக்கை நம்பி மொத்தக் கட்டடத்தையும் விட முடியுமா?"

"மக்கை நம்பித்தான் சார் லாரியே வருது," என்றார் நர்ஸம்மா. "மக்கைத் தூக்கிட்டா உங்க வீட்டுக் குப்பையை உங்க புதுக் கார்லயா ஏத்துவீங்க?"

கூட்டமே சிரித்தது. செயலாளர் எந்த மக்கைச் சொன்னார், நர்ஸம்மா எந்த மக்கைச் சொன்னார் என்று புரிந்தவர்கள் செயலாளரும் தங்கையும் நானும்தான். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் உதட்டோரம் துடித்தது. கை தூக்கச் சொன்னார்கள். சிமென்டுக்கு அவருடைய கையும் மேல்மாடிக்காரர் கையும்தான் எழுந்தன. அண்ணியின் கை டிரம்முக்கு எழுந்தது. அண்ணன் அதையும் சேர்த்துத்தான் எண்ணினார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காய்கறித் தோல் வாளியோடு செயலாளர் பின்படியில் நின்றிருந்தார். அவர் கையில் குப்பை வாளியைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. தங்கை டிரம் அருகே கிளறிக்கொண்டிருந்தாள்.

"மக்கு!" என்றார்.

அவள் நிமிரவில்லை.

முதல் மாடி ஜன்னலிலிருந்து நர்ஸம்மாதான் பதில் சொன்னார். "மக்கு அங்கேயேதான் சார் இருக்கு. போட்டுட்டு மரத்தூள் தூவிடுங்க."

"நான் அதைக் கூப்பிடல," என்றார் அவர், சற்றுக் கோபமாக. மறுபடியும், "மக்கு!" என்றார். கழி டிரம்முக்குள் போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. வாளியைக் கை மாற்றிப் பிடித்தார். டிரம்மின் எழுத்தைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார்.

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பல வருஷமாகப் புழங்காத பெயர், முதல் எழுத்தில் குரல் தடுக்கியது. மற்றபடி பிழையில்லை.

அவள் கழியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னண்ணா?"