தொங்கினதை யார் பார்த்தாங்க?

தலைமையாசிரியர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

"இருபது நாளா இழுத்துக்கிட்டே போகுதும்மா. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம்."

என் பொண்ணை மூடினது பத்தலையா என்று நாக்கு நுனி வரை வந்தது. "வீட்ல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று மட்டும் சொல்லி, அறிக்கையின் நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: 'மாணவி வாயிற்கதவில் தொங்கி விளையாடியபோது கதவு சாய்ந்தது.'

பள்ளிக்கூடத்தில் அப்படி. வீட்டிலோ நாத்தனார், "வயசா ஆயிடுச்சு? இன்னொண்ணு பெத்துக்கோ" என்றாள், உடைந்த குடத்துக்குக் கடைக்குப் போகச் சொல்வதுபோல. எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று இருப்பதாக ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 'முயல்குட்டி அப்பா', 'சிட்டு அம்மா' என்றுதான் வந்தார்கள். புதிதாகச் சேருபவர் மூன்று வரி எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். செல்லப் பெயர், வயது, அன்று நடந்தது.

எழுதினாள். பட்டாணி. ஏழு வயது. வாயிற்கதவில் தொங்கி விளையாடியபோது கதவு சாய்ந்தது.

பதினோரு வருடமாக வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். ஒருமுறை படித்த வாசகத்தை விரல் அப்படியே எடுத்துக்கொள்ளும், மனசைக் கேட்காது. மறுநாள் வந்து பார்த்தபோது பதினாறு கடிதங்கள் இருந்தன. எல்லாமே 'பட்டாணி' என்றுதான் தொடங்கின. வீட்டில் இருபது நாளாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு படித்தாள். சிட்டு அம்மாவின் கடிதம்தான் மிகவும் சின்னது.

"பட்டாணி அம்மா, தொங்கினதை யார் பார்த்தாங்க?"

கைப்பையைத் திறந்து அறிக்கையைத் திரும்பப் படித்தாள். பார்த்தவர் பெயர் எங்கும் இல்லை. யாரும் பார்க்காத ஒன்றைத் தன் கையாலேயே உண்மைபோல டைப் அடித்து அனுப்பியிருக்கிறோம் என்று புரிந்ததும் காது மடல் சுட்டது.

கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். கணவன் இரும்புக் கதவுகளுக்கு வெல்டிங் செய்பவன். பிள்ளை போன நாளிலிருந்து அவன் பள்ளிக்கூடத் தெருப்பக்கமே போகவில்லை.

"முகம் தெரியாதவங்ககிட்டப் போய் ஒப்பாரி வச்சியா?" என்றபடிதான் வாங்கினான். சின்னக் கடிதத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அது தள்ளுகதவுதானே?"

"ஆமாங்க."

"பட்டாணி என்ன கனம் இருப்பா? இருபது கிலோ. இருபது கிலோவுக்கு அந்தக் கதவு அசையாது. கதவு ஓடுற தண்டவாளம் முடியுற இடத்துல தடுப்புக்கட்டை இல்லன்னா, தள்ளுன வேகத்துல தாண்டிப் போயி விழும். இதைக்கூட யோசிக்காம... நானெல்லாம் என்ன தொழில்காரன்!" கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. விழுந்த கதவையே நிமிர்த்தி மாட்டிப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அவன் குனிந்து தண்டவாளத்தின் முனையைத் தடவினான். வெறும் வழவழப்பு. வெல்டிங் வைத்த தழும்புகூட இல்லை. இரண்டு அங்குலத் துண்டு இரும்பு வைத்திருந்தால் போதும்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "கையெழுத்துப் போட வந்தீங்களாம்மா?"

"தொங்கினதை யார் சார் பார்த்தாங்க?"

"அது... பிள்ளைங்கன்னா தொங்கத்தானேம்மா செய்யும்?"

"யார் பார்த்தாங்க?"

அவர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் மணியைப் பார்த்தான். நேரமாகிவிட்டது, அடித்தான். உள்ளே நானூறு செருப்புகளின் சத்தம் கிளம்பியது. யாரோ பெரிய வகுப்புப் பையன்கள் ஓடிவந்து கதவில் கை வைத்தார்கள்.

கணவன் தண்டவாளம் முடியும் இடத்தில், கதவைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிங்க! என்னங்க இது அசிங்கமா!" தலைமையாசிரியர் கத்தினார்.

அவளும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கைகளோடு தன் கைகளையும் முன்னால் நீட்டினாள். பையன்கள் ஓங்கித் தள்ளிய பச்சைக் கதவு கடகடவென்று வந்து நான்கு உள்ளங்கைகளில் மோதி நின்றது. பிள்ளைகள் பக்கவாட்டில் ஓடிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.