எண்பத்தெட்டு காட்டிய துப்பாக்கி

இப்போதெல்லாம் யாருக்கும் கண் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட வெளியே எட்டிப் பார்க்காமல் போனைத் தடவுகிறார்கள். போலீசும் அப்படித்தான் ஆகிவிட்டது.

எங்கள் தீவில் சாண்டா குரூஸ் ஊரிலிருந்து பிளாக் ரிவர் ஊருக்கு முப்பத்தேழு வருடமாக டாக்சி ஓட்டுகிறேன். என்னைப் போலவே என் வண்டியும் கிழம். அறுபத்தைந்தைத் தாண்டினால் நாலு கதவும் ஆடும், பின்சீட்டில் இருப்பவர்கள் கர்த்தரைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அந்த வண்டியைத்தான் செவ்வாய்க்கிழமை காலை, மூங்கில் சாலை முடியும் இடத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள் கை காட்டி நிறுத்தினாள். வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியை வைத்து அங்கே நாலு புதுப் போலீசுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இவள் அதில் ஒருத்தி. சட்டையில் ஈபேங்க்ஸ் என்று பெயர்.

"பெரியவரே, எண்பத்தெட்டு. இங்க ஐம்பதுதான்."

"எந்த வண்டி?"

"உங்க வண்டிதான்."

"மகளே, இதை மலை உச்சியிலேர்ந்து உருட்டி விட்டாலும் எண்பத்தெட்டு வராது."

அவள் சிரிக்கவில்லை. அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பயிற்சி அவர்களுக்குத்தான். எனக்கு எழுதும் சீட்டு நிஜம். என் பெயரில் ஏற்கெனவே எட்டுக் குற்றப் புள்ளி இருக்கிறது. இன்னும் இரண்டு ஏறினால் ஆறு மாதம் லைசன்ஸ் போய்விடும். எழுபத்தொரு வயதில் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தவன் திரும்பி ஸ்டியரிங் பிடிக்க மாட்டான்.

பின்சீட்டிலிருந்து மிளகாய் இறால் விற்கும் மிஸ் ஐசில்டா தலையை நீட்டினாள். "ஏம்மா, எதிர வந்த மூணு பேர் லைட் அடிச்சுக் காட்டிட்டுப் போனாங்க, நீங்க இங்க நிக்கிறீங்கன்னு. தெரிஞ்சுக்கிட்டே பறக்க இவருக்கென்ன பைத்தியமா?"

அவள் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. இந்தச் சாலையில் ஒருவருக்கொருவர் லைட் அடித்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம். அதைப் போய் போலீசிடமே சொல்வார்களா?

பயிற்சி கொடுக்கும் சார்ஜென்ட் வெடர்பன் அதற்குள் வந்துவிட்டார். "எந்த மூணு பேரு?"

"வெயில்ல கண்ணு கூசிச்சு சார். நான் யாரையும் பாக்கல," என்றேன்.

மிஸ் ஐசில்டா திடீரென்று இறால் பொட்டலங்களை எண்ண ஆரம்பித்தாள்.

சார்ஜென்ட் என் லைசன்ஸைப் பார்த்தார். "மாஸ் லின்வல், மிஷின் பொய் சொல்லாது. இங்க பாருங்க." பையிலிருந்து, முள்கரண்டி மாதிரி இரண்டு பல் வைத்த ஓர் இரும்பை எடுத்தார். பூட்ஸில் ஒரு தட்டு தட்டி, துப்பாக்கிக்கு முன்னால் பிடித்தார். அது ஙொய்யென்று அதிர்ந்தது. துப்பாக்கியில் ஐம்பத்தாறு வந்தது.

"சரியா வேலை செய்யுதா?"

"அந்த இரும்பு எங்க சார் ஓடுது? உங்க கையிலதானே நிக்குது?"

"இது அதிர்ற அதிர்வுக்கு ஐம்பத்தாறு காட்டினாத்தான் மிஷின் சரின்னு அர்த்தம்."

"நிக்கிறதை ஓடுதுன்னு சொன்னாத்தான் சரியா? அப்புறம் என்னை எண்பத்தெட்டுன்னு சொல்லாம வேற என்ன சொல்லும்?"

பின்னால் நின்ற மூன்று புதுப் போலீசும் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்கள். சார்ஜென்டுக்கு முகம் கறுத்தது. கோபம் அந்தப் பெண் பக்கம் திரும்பியது.

"ஈபேங்க்ஸ், துப்பாக்கியைத் தூக்கறதுக்கு முன்னால கண்ணால பாத்து எவ்வளவுன்னு நினைச்ச?"

அவள் சீட்டுப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"காலையிலேர்ந்து என்னத்தைக் கத்திக்கிட்டிருக்கேன்? முதல்ல கண்ணு, அப்புறம் மிஷின். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் சீட்டு. சரி, இவருக்குப் பின்னால என்ன வந்துச்சு?"

"நம்பரைத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன்."

"கல்லு லாரி," என்றேன். "உங்க எல்லார் மூஞ்சியிலயும் புழுதியை அடிச்சுட்டு என்னைத் தாண்டிப் போச்சே. ஒருத்தருக்கும் தெரியலையா?"

சார்ஜென்ட் கண்ணை மூடித் திறந்தார். சின்ன வண்டிக்குப் பின்னால் பெரிய வண்டி வேகமாக வந்தால் துப்பாக்கி பெரியதைத்தான் பிடிக்குமாம். அதைத்தான் பாடத்தில் முதலில் சொன்னாராம். லாரி அதற்குள் பிளாக் ரிவரையே தொட்டிருக்கும்.

சாலை காலியாகும் வரை காத்திருந்து, என்னைத் திரும்பப் போய் ஓட்டிவரச் சொன்னார். ஓட்டி வந்தேன். நாற்பத்தேழு. சீட்டின் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசன்ஸை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மன்னிச்சிருங்க பெரியவரே," என்றாள் ஈபேங்க்ஸ்.

சார்ஜென்டுக்கு அது போதவில்லை. "பாத்தீங்களா? தப்பு மிஷின் மேல இல்ல. இப்ப சரியாச் சொல்லிச்சே."

"என்னைப் பத்தி ரெண்டு நம்பர் சொல்லிச்சு சார். ஒண்ணு பொய்யின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. இன்னொண்ணு உண்மைன்னு யாரு சொன்னா?"

"உங்க வண்டி மீட்டர் என்ன காட்டிச்சு?"

அது போன வருடமே செத்துப்போனது.

"மிஸ் ஐசில்டாவுக்கு நேரமாச்சு சார்," என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தேன். நாற்பத்தேழாம். நான் நாற்பத்தைந்துக்கு மேல் மிதிக்கவே இல்லை.