கற்றாழைக் கட்டுரையில் நான் வெட்டிய வரி

1.

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பத்திரிகையின் உடல்நலப் பக்கத்தில், கற்றாழை கிருமிகளைக் கொல்லும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். என் அக்கா அதைப் படித்துத் தொலைத்துவிட்டாள். என் நாவல்கள் இரண்டையும் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்திருப்பவள் இதைப் படிப்பாள் என்று எவன் கண்டான்?

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘பச்சை மடலின் நெஞ்சுக்குள் உறங்கும் ஒரு குளிர்ந்த…’ (சீ! அடித்தாயிற்று.)

இரண்டாவது: ‘அத்தானின் வலது கால் பெருவிரலில் ஒரு புண் இருந்தது.’

இது தேவலை. அத்தான், அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்த புண். (பிரேக்கை மிதிப்பதும் அந்தக் கால்தான். கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

3.

கட்டுரைக்கு விஷயம் கொடுத்தவள் என் மனைவி. ஆய்வகத்தில் வேலை. தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே கற்றாழைச் சாற்றில் நனைத்த காகித வில்லையை வைத்து, மறுநாள் காட்டினாள். வில்லையைச் சுற்றி ஒரு கிருமிகூட வளராத வெற்று வட்டம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

“தட்டுல கொல்லுது, அவ்வளவுதான். புண்ணுலயும் அப்படியே நடக்கும்னு எழுதிடாதீங்க” என்றாள்.

கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.’ பக்கத்தில் இடமில்லை, ஒரு வரி குறையுங்கள் என்றார் ஆசிரியர். கற்றாழையை ‘பச்சை வைரம்’ என்று வர்ணித்த வரியை வெட்ட மனசு வரவில்லை. இதை வெட்டினேன்.

4.

இன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். மேஜையில் என் கட்டுரை, பிளாஸ்டிக் உறைக்குள். அக்கா மடலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வேளையும் தவறாம வைக்கிறேன்டா.”

“வலிக்குதா அத்தான்?”

“ஒண்ணுமே தெரியல மச்சான்! உன் கற்றாழையைச் சும்மா சொல்லக்கூடாது.”

விரல் நுனி கறுத்திருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்கு வலி எங்கே தெரியும்?

“டாக்டர்கிட்ட போலாம்னு இவர்தான் சொன்னார்” என்றாள் அக்கா. “என் தம்பி எழுதினா தப்பா இருக்குமான்னு நான்தான் நிறுத்தினேன்.”

5.

முடிவு (அ): புண்ணைச் சுத்தம் செய்கிறார்கள், ஆறுகிறது, அத்தான் வண்டி ஓட்டப் போகிறார்.

முடிவு (ஆ): விரலை எடுத்து… (எழுத முடியவில்லை.)

முடிவு (இ): வெட்டிய வரியைப் பற்றி மூச்சுவிடாமல், ‘எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாம்’ என்று நல்ல தம்பியாகக் கூட்டிப்போவது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இதுதான். ஆட்டோவில் வரும்வரை இதைத்தான் நடித்தேன்.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா கேட்டாள்: “இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கன்னு டாக்டர் திட்டறார்டா. சர்க்கரைக்காரங்க உடனே வரணுமாமே. உனக்கு இது தெரியாதா?”

“தெரியும்க்கா. எழுதியிருந்தேன். இடமில்லைன்னு நானே எடுத்துட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்துபோய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவை உங்களிடமே விடுகிறேன். அழகாக எழுத வேண்டாம். விரல் இருந்தால் போதும்.